பாத்தியும் பானையும்

1937ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 22ஆம், 23ஆம் திகதிகளில் மகாத்மா காந்தியின் தலைமையில் வார்தா நகரில் ஒரு கல்வி மகாநாடு நடைபெற்றது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் கல்வியை ஏட்டோடு நிறுத்தாது, கைத்தொழிலொன்றை நடுவாக வைத்துக் கற்பித்தல் வேண்டும் என்பது அவர் அங்கே முன்வைத்த கருத்து. அத்திட்டத்தில் நூற்றலுக்கும் நெய்தலுக்கும் இருந்த இடத்தை நேயர்கள் பலர் அறிவார்கள். ஆனால் திட்டம் ஏட்டிலிருந்து நிலத்துக்கு இறங்கியபோது அதன் பாரத்தைச் சுமந்தவர்களுள் முதல்வர் ஓர் இலங்கைத் தமிழர் என்பதை அறிந்தவர்கள் சிலரே. இ. டபிள்யூ. ஆரியநாயகம் என்பது அவர் பெயர். சாந்திநிகேதனத்தில் இரவீந்திரநாத் தாகூருடன் பணியாற்றியவர். 1930இல் கவி உருசிய நாட்டுக்குச் சென்றபோது உடன் சென்றவர். பின்னர் மனைவியார் ஆஷாதேவியுடன் வார்தாவுக்கு வந்து, ஆதாரக் கல்வியை நடத்தவென அமைந்த இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளரானார். பிற்காலத்தில் இந்தியாவின் ஜனாதிபதியாக விளங்கிய சாகிர் உசேன் அச்சங்கத்தின் தலைவர்.

அவர்கள் பள்ளி நடத்திய இடம் சேவாக்கிராமம். வார்தாவுக்கு ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. 1936இல் காந்தியடிகள் அங்கே குடியேறியபோது அது சேகாவ்ம் என்ற சிற்றூர். 1940இல்தான் சேவாக்கிராமம் என்ற பெயர் பெற்றது. விதர்ப்பப் பிரதேசத்தின் கரிசல் மண். கோடையில் வெயில் 45 பாகையை எட்டும். மழையோ யூன் முதல் செப்டெம்பர் வரை பெய்து ஓய்ந்துவிடும். அம்மண்ணின் பெரும்பயிர் பருத்தி. பருத்தி பணம் தரும் பயிர். பசிக்கு உண்ணும் பயிரன்று. விலை வீழ்ந்த ஆண்டில் வயல் நிறைய விளைவு நின்றாலும் அடுப்பில் உலை ஏறாத வீடுகள் உண்டு. கடனால் நொந்து உழவர்கள் தம் உயிரையே மாய்த்துக்கொண்ட துயரம் பெருகியபோது, 2006இல் இந்திய அரசு விதர்ப்பத்தின் ஆறு மாவட்டங்களுக்குத் தனி நிவாரணத் திட்டம் அறிவித்தது. அந்த ஆறினுள் வார்தாவும் ஒன்று. இத்தகைய ஊரிலே ஒரு பள்ளிப் பிள்ளைக்குத் தோட்டத்தைப் பற்றி எதைக் கற்பிப்பது?

சேவாக்கிராமத்தார் தோட்டத்திலிருந்து தொடங்கவில்லை. முதற் பாடம் துப்புரவு. வளவைக் கூட்டுதல், கழிவைச் சேர்த்துக் குழியிலிட்டு எருவாக்குதல் என்பவற்றைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஒருங்கே செய்தார்கள். வேறொரு சாதியார்க்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த வேலை அது. அதை ஆசிரியரே தொட்டுச் செய்தபோது, சொல்லாமலே ஒரு பாடம் நடந்தேறியது. எருவிலிருந்து பாத்தி, பாத்தியிலிருந்து காய்கறி. அதன்பின் மற்றப் பள்ளிகளில் வராத ஒரு படி வந்தது. சமையற்கூடமும் வகுப்பறையாயிற்று. பிள்ளைகள் முறை வைத்துச் சமைத்தார்கள். பண்டசாலைக் கணக்கு எழுதினார்கள். எந்த உணவில் உடலுக்கு என்ன கிடைக்கிறது என்று ஆராய்ந்தார்கள். சமைத்ததை ஒரே வரிசையிலிருந்து உண்டார்கள். பெண்களுக்கு அடுப்பு, ஆண்களுக்கு மண்வெட்டி என்ற பிரிவினை அங்கே வைக்கப்படவில்லை.

வார்தாப் பக்கத்தில் இலைக்கறிகளுக்கு அக்காலத்தில் ஏற்பட்டிருந்த மதிப்பும் இங்கே நினைக்கத்தக்கது. சேவாக்கிராமத்துக்குச் செல்லுமுன், வார்தாவின் மகன்வாடியில் தங்கியிருந்த நாளிலேயே காந்தியடிகள் வயலோரத்து இலைகளைப் பச்சையாக உண்டு பார்த்து, அவற்றின் உணவுப் பெறுமதி பற்றி 1935இல் தம் ஹரிஜன் பத்திரிகையில் எழுதினார். காசு கொடுத்து வாங்க இயலாத ஏழைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும் உணவு எது என்பதே அவருடைய தேட்டம். அவர் தட்டிலிருந்த இலைகளைக் கண்டு முகஞ் சுளித்த விருந்தினரும் இருந்திருப்பர். அது வேறு கதை.

சமையற்கூடம் வகுப்பறையாவது எவ்வாறு என்று நேயர்கள் வினவலாம். ஓர் எடுத்துக்காட்டு: முப்பது பிள்ளைகளுக்குக் கீரைக்கறி சமைக்க வேண்டும். ஆளுக்கு 60 கிராம் கீரை என்று வைத்தால் 1,800 கிராம் தேவை. வேரும் தடித்த தண்டும் பழுத்த இலையும் நீக்கும்போது மூன்றிலொரு பங்கு கழிந்து போகுமானால், பறிக்க வேண்டியது 2,700 கிராம். ஒரு பாத்தியில் எவ்வளவு கிடைக்கும்? எத்தனை பாத்தி பறிப்பது? அடுத்த கிழமைக்கு எதை விட்டுவைப்பது? பின்னமும் பெருக்கலும் கரும்பலகையிலே உயிரற்றுக் கிடந்தவை, இங்கே பிழைத்தால் ஒரு தோழனுக்குக் கறி இல்லாமற் போகும் கணக்காகிவிடுகின்றன. பந்தியின் கடைசியிலிருக்கும் பிள்ளையின் வெறுந்தட்டைவிடக் கண்டிப்பான பரீட்சகர் யாருமில்லை.

தோட்டத்தைப் பற்றிய சில உண்மைகளும் பானையில்தான் வெளிப்படுகின்றன. வெண்டிக்காயை இரண்டு மூன்று நாள் தாமதித்துப் பறித்தால் அது பார்வைக்குப் பெரிதாக, அழகாக இருக்கும். கண்காட்சியிலே வைத்தால் பரிசுகூடக் கிடைக்கலாம். சட்டியிலிட்டால் நாராகி, எவ்வளவு நேரம் வெந்தாலும் மெல்ல இயலாது. பயற்றங்காயும் அவ்வாறே. நீரின்றி வாடி வளர்ந்த முள்ளங்கி உறைக்கும். வெயிலிற் பறித்து நண்பகல் வரை கிடந்த கீரை சோர்ந்துவிடும். எப்போது பறிப்பது என்ற அறிவை எந்தப் பாடநூலும் நாவுக்குச் சொல்லித் தராது. தான் நட்டதைத் தானே தின்று பார்த்த பிள்ளை மறுமுறை வெண்டிச் செடியை நாள்தோறும் போய்ப் பார்க்கும்.

உணவை வெறுக்கும் பிள்ளைகளின் செய்தியும் இதனோடு சேர்ந்தது. பாகற்காயை இலையின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவது குழந்தைகளின் பழைய வழக்கம். தான் விதையூன்றி, பந்தலிட்டு, பூவைக் கண்டு, பிஞ்சைக் காத்த கொடியின் காயாயின், ஒரு துண்டாவது வாயிலிட்டுப் பார்க்கும் ஆவல் பிள்ளைக்கு உண்டாகிறது. கசப்பு நீங்கிவிடுகிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அறியாத உணவின்மேல் உள்ள அச்சம் குறைகிறது.

வறுமையுள்ள ஊர்களுக்கு மாத்திரமே இது பொருந்தும் என்று எண்ணுவதும் தவறு. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில், கொலிங்வூட் என்ற பகுதியிலுள்ள பாடசாலையொன்றில், ஸ்ரெபனி அலெக்சாண்டர் என்னும் புகழ்பெற்ற சமையற்கலை வல்லுநர் 2001இல் இதே முறையைத் தொடங்கினார். அங்கே இருந்த குறை உணவின்மை அன்று. பெட்டியிலும் பொதியிலும் வருவதை மாத்திரமே உணவென்று எண்ணி வளரும் பிள்ளைகளின் அறியாமை. மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் ஒவ்வொரு கிழமையும் ஒரு பாடவேளை தோட்டத்திலும், அதனிலும் நீண்ட வேளை சமையற்கூடத்திலும் கழித்தார்கள்; சமைத்ததை மேசையில் ஒன்றாக அமர்ந்து உண்டார்கள். இம்முறை வேறு பல பாடசாலைகளுக்கும் பரவியது. 2004இல் அதற்கென ஒரு நிறுவனமும் அமைந்தது. சேவாக்கிராமத்துக் கரிசல் நிலத்துக்கும் மெல்பேண் நகரத்துக்கும் இடையே எவ்வளவு தூரமோ அவ்வளவு வேற்றுமை இருப்பினும், பாத்திக்கும் பானைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைத்த வகையில் இரண்டும் ஒன்றே.

வார்தாத் திட்டத்துக்குக் கண்டனம் இல்லாமலில்லை. பள்ளிப் பிள்ளைகளின் உழைப்பால் விளைவதைக் கொண்டு ஆசிரியரின் சம்பளத்தைக் காண வேண்டும் என்று காந்தியடிகள் விரும்பினார். இது குழந்தைகளைக் கூலியாட்களாக்கிவிடாதா என்று கேட்டவர்கள் அந்நாளிலேயே இருந்தார்கள். சாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கையே இந்த ஆபத்தை மறைக்கவில்லை; பொருள் ஈட்டுவதில் கருத்தூன்றிக் கல்வியைப் பலியிடும் நிலை வரலாம் என்று அது எச்சரித்தது. எச்சரிக்கை நியாயமானதே. நூற்ற நூலைப் பிள்ளை உண்ண முடியாது; அது எங்கோ சென்று காசாகும். தோட்டத்தில் விளைந்ததும் சந்தைக்கே போகுமாயின் அவ்வாறேதான். அதே பிள்ளைகளின் இலையில் அது வந்து விழும்போது, யாருக்காக உழைக்கிறோம் என்ற ஐயம் எழ இடமில்லை. பானை இருக்கும் தோட்டத்தில் சுரண்டலுக்கு இடம் குறைவு.

பிற்காலத்தில் அப்பழைய பள்ளி நின்றுபோயிற்று. அரசாங்கப் பாடத்திட்டமும் பரீட்சைகளும் வேறு வழியே சென்றன. பெற்றோரின் ஆசையும் அவற்றைப் பின்தொடர்ந்தது. ஆயினும் 2005இல் அதே சேவாக்கிராம வளவில், ஆனந்த நிகேதன் என்னும் பெயருடன் ஒரு பள்ளி மீண்டும் எழுந்தது. பயிற்று மொழி மராட்டி. சுற்றுப்புறத்து உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சிறு பாத்திகளைப் பொறுப்பேற்றுக் காய்கறி வளர்க்கிறார்கள். வரவு செலவு எழுதுகிறார்கள். சமையலும் அவர்களுடைய பாடங்களுள் ஒன்று. அங்கே இயற்கை செய்த ஓர் உதவியும் உண்டு. பள்ளியாண்டு தொடங்குவதும் மழை தொடங்குவதும் யூன் மாதத்தில். புதிய வகுப்புக்கு வந்த பிள்ளை, மழை விழுந்த மண்ணில் விதையிட்டு, அதே வகுப்பில் இருக்கும்போதே விளைவைக் காண்கிறது.

இலங்கையிலோ காலம் மாறி நிற்கிறது. அதைச் சொல்லுமுன், நம் நாட்டின் பள்ளித் தோட்டங்களுக்கும் ஒரு பழைய வரலாறு உண்டென்பதைச் சொல்லவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜே. சி. வில்லிஸ் முதலியோரின் ஊக்கத்தால் கிராமப் பாடசாலைகளில் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. அவற்றை மேற்பார்வை செய்தவர் சி. டிரீபேர்க், 1904இல் தோன்றிய இலங்கை விவசாயச் சங்கத்தின் செயலாளராகவும் கடமையாற்றியவர். நல்ல விதைகளையும் புதிய காய்கறிகளையும் பிள்ளைகள் மூலம் கிராமத்துக்குப் பரப்புவது அத்திட்டத்தின் நோக்கம். பின்னர் 1930களில், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், கண்டிக்கு அணித்தான ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று தொடங்கியது. ஊர்த் தொழிலோடு ஒட்டிய கல்வி அது. பட்டணத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம், நாட்டுப்புறத்துப் பிள்ளைக்கு மண்வெட்டியா என்ற ஐயம் பெற்றோருக்கு எழுந்ததில் வியப்பில்லை. ஏணியின் மேற்படிகளுக்கு ஏறும் வழி ஆங்கிலமாயிருந்த நாளில் அவர்களைக் குறை கூறுவதும் முறையன்று.

இத்தோட்டங்களிலெல்லாம் பயிர் செய்வது ஆண்பிள்ளைகளின் விவசாயம் என்றும், சமைப்பது பெண்பிள்ளைகளின் மனையியல் என்றும் தனித்தனியே வளர்ந்தன. இரண்டுக்கும் வேறு வேறு ஆசிரியர், வேறு வேறு அறை. கத்தரி நட்ட பையன் அதைச் சமைத்தறியான். கறி வைத்த சிறுமி செடியைக் கண்டறியாள். விளைந்தது எங்கே போயிற்று என்று கேட்டால் சில இடங்களில் மறுமொழி சொல்லச் சங்கடப்படுவார்கள். பிந்தி வந்த பிள்ளைக்கும் வீட்டுக் கணக்குச் செய்யாத பிள்ளைக்கும் தோட்டத்தில் தண்ணீர் வார்க்கும்படி தண்டனை விதித்த பாடசாலைகளும் இருந்தன. தோட்டத்தைத் தண்டனைக்களமாக்கிவிட்டு, இளைஞர்கள் விவசாயத்தை விரும்புகிறார்களில்லை என்று பின்னாளில் மேடையிலே வருந்துவது விசித்திரமே.

பானையைப் பாடசாலைக்குள் கொண்டுவருவதில் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. தமிழ்ப் பிரதேசங்களிலே அது வேதனையான செய்தி. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் சமஆசனம், சமபோசனம் என்னும் இரண்டு சொற்கள் பெருங் கிளர்ச்சியை உண்டாக்கின. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாமா, ஒன்றாக உண்ணலாமா என்பதே வழக்கு. 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்த வாலிபர் காங்கிரசார் சமத்துவத்தின் பக்கம் நின்றார்கள். எதிர்ப்பு அவ்வளவு கொடிதாயிருந்தமையால் சில பாடசாலைகளுக்குத் தீயும் வைக்கப்பட்டது. வாங்கு காலப்போக்கில் சமமாயிற்று. வாங்கில் இருப்பதைக்காட்டிலும் கடினமானது, ஒருவர் கையால் ஆக்கியதை மற்றவர் உண்பது. இந்தியாவில் மதிய உணவுத் திட்டம் நடைபெறும் சில ஊர்களில், சமைத்தவரின் சாதியைக் காரணங்காட்டிப் பிள்ளைகளை உண்ணவிடாத செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்தவண்ணம் இருக்கின்றன.

முப்பது பிள்ளைகள் கூடி ஒரு கறி ஆக்கும்போது, இன்னார் நறுக்கியது இன்னார் கிளறியது என்று பிரித்தெடுக்க முடியாது. ஒருத்தி தேங்காய் துருவுகிறாள். ஒருவன் கீரை ஆய்கிறான். வேறொருவன் வெங்காயம் உரித்துக் கண்ணீர் வடிக்கிறான். சட்டியில் எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. சமத்துவத்தைப் பற்றி ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை, சொல்லாதிருப்பது நன்று.

பள்ளிப் பிள்ளையின் வயிறு நம் நாட்டு அரசியலிலும் இடம்பெற்றதுண்டு. 1953ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதோடு, பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கிய மதிய பணிஸும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஒகஸ்ட் 12ஆம் திகதி நிகழ்ந்த கர்த்தாலுக்கு இவையும் காரணங்கள். அதன்பின் எழுபது ஆண்டுகள் நிறையும் முன்பே வேறொரு நெருக்கடி வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்படுமுன் விளைச்சல் விழுந்துவிட்டது. அடுத்த ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளும் எரிவாயுவும் உணவும் கிட்டாத நிலை. 2022இல் உலக உணவுத் திட்டம் விடுத்த கணக்கின்படி, பத்துக் குடும்பங்களில் மூன்று அடுத்த வேளை உணவு நிச்சயமில்லாதிருந்தன. வீட்டுத் தோட்டம் செய்வதற்கென அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கவும் அவ்வாண்டு யூனில் முடிவாயிற்று. விடுமுறை கிடைத்தது, மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? விதை ஊன்றிய அன்றே விளைவு வருவதில்லை. முருங்கையும் பொன்னாங்காணியும் வேலியிலே நின்ற வீட்டுக்காரர், அவற்றைப் பறித்துச் சமைக்கத் தெரிந்திருந்தால், ஓரளவு தாங்கிக்கொண்டார்கள்.

இனி நம் பாடசாலைகளின் காலக்கணக்குக்கு வருவோம். வழக்கமாக நம் பள்ளியாண்டு தொடங்குவது சனவரியில். வடக்கிலும் கிழக்கிலும் மழை வருவதோ ஒக்ரோபரில். தை பிறக்கும்போது மழை ஓய்ந்துவிடும். மூன்றாந் தவணையில் விதைக்கும் பிள்ளை, விளைவு திரளும் டிசெம்பரில் விடுமுறைக்குப் போய்விடுகிறது. சனவரியில் திரும்பும்போது வேறு வகுப்பில் இருக்கிறது. தன் கத்தரியைத் தான் காணாத பிள்ளைக்குத் தோட்டம் எவ்வாறு பிரியமாகும்? பல பாடசாலைகளில் தோட்டங்கள் திறப்பு விழாவுக்குப் பின் காடாவதற்குச் சோம்பல் மாத்திரம் காரணமன்று. இந்தக் காலப் பொருத்தமின்மையும் காரணம்.

பயிரைத் தெரிவு செய்வதில் இதற்குப் பரிகாரம் உண்டு. ஒக்ரோபரில் முதல் மழை விழுந்ததும் முளைக்கீரை தூவினால் நாலு கிழமையில் பறிக்கலாம். பெருமழையில் அழுகாதபடி பாத்தியைச் சற்று உயர்த்திக்கொள்ள வேண்டும். அதே நாளில் ஊன்றிய வெண்டி ஏறக்குறைய ஐம்பது நாளில், நவம்பர் முடியுமுன்னர், காய்க்கத் தொடங்கும். பயற்றை சற்றுப் பிந்தும். இவை விதைத்த வகுப்பே உண்ணத்தக்கவை. கத்தரி, மிளகாய் நாற்றுகளைக் கார்த்திகையில் நட்டால் அவை தையிலும் மாசியிலும் காய்க்கும். அவற்றை அடுத்த வகுப்புக்குச் சீதனமாக விட்டுச் செல்லலாம். முருங்கைத் தடியும் அகத்தியும் வேலியோரத்தில் எந்த வகுப்புக்கும் உரியன. கிணற்றடியில் வழிந்தோடும் நீரில் வல்லாரையும் பொன்னாங்காணியும் தாமாகவே படரும். மழையே வராத மாதத்தில்கூடச் செய்யத்தக்க பயிர் ஒன்றுண்டு: பச்சைப்பயற்றை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து தொங்கவிட்டால் இரண்டு நாளில் முளைவிடும். நிலம் வேண்டாம், உரம் வேண்டாம். முதலாந் தரத்துக் குழந்தையும் செய்யலாம்.

மலைநாட்டுப் பாடசாலைகளுக்கு இக்கணக்கு ஒவ்வாது. அங்கே குளிரும் மழையும் வேறு. லீக்சும் கரட்டும் போஞ்சியும் விளையும் மண். லயங்களின் முன்னால் ஒரு சாண் நிலத்திலும் காய்கறி வளர்த்த தாய்மார் அப்பிள்ளைகளின் வீட்டிலேயே இருக்கிறார்கள்; ஆசிரியருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். அவர்களைப் பள்ளிக்கு அழைத்துப் பாத்தி கட்டக் காட்டச் சொல்வதில் ஆசிரியரின் மதிப்புக் குறைந்துவிடாது.

சமையலும் எளிதாக இருக்க வேண்டும். கீரையை வேகவைத்து உப்பும் பாலும் சேர்த்து மசித்தல். முருங்கையிலையை ஆய்ந்து தேங்காய்ப்பூவுடன் வறை செய்தல். வல்லாரையை நுணுக்கி அரிந்து, வெங்காயமும் தேங்காய்ப்பூவும் எலுமிச்சம்புளியும் கூட்டிச் சம்பலாக்குதல். இலைச்சாறு பிழிந்து கஞ்சியிற் கலத்தல். அவித்த பயற்றில் தேங்காய்ப்பூ தூவுதல். சம்பலுக்கு அடுப்பே வேண்டாம். சிறிய பிள்ளைகள் ஆய்தல், கழுவுதல், பிசைதல் செய்யலாம். கத்தியும் நெருப்பும் மூன்றாந் தரத்துக்கு மேற்பட்டோருக்கு, அதுவும் பெரியவர் ஒருவர் அருகில் நிற்க. கத்தியைக் கண்டு அஞ்சும் பெற்றோர், அதே பிள்ளை வீட்டில் திருவலையின் முன் அமர்ந்திருப்பதைப் பலமுறை பார்த்தவர்களே. உணவை மூடி வைத்தல், கை கழுவுதல், கொதித்தாறிய நீரைப் பருகுதல் என்பவற்றைச் சுகாதார பாடநூலில் மனனஞ் செய்வதிலும், தாம் ஆக்கிய கறியைப் பிறருக்குப் பரிமாறும் நாளில் பிள்ளைகள் நன்கு உணர்வார்கள்.

பெருந்தடை இவற்றுள் ஒன்றுமன்று. ஐந்தாந் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சையே தடை. மூன்றாந் தரத்திலிருந்தே தனியார் வகுப்புக்கு ஓடும் பிள்ளைக்கு மண்ணிலே நிற்க நேரமில்லை. அதை மண்ணிலே நிறுத்தும் ஆசிரியரைப் பெற்றோர் வந்து கேள்வி கேட்பார்கள். ஹந்தெஸ்ஸவில் எழுந்த அதே கேள்விதான் வேறு உடுப்பில் வருகிறது. மேற்சொன்ன 2,700 கிராம் கணக்கைச் செய்யத் தெரிந்த பிள்ளை பரீட்சைத் தாளிலும் அதைச் செய்யும் என்று பெற்றோருக்குக் காட்ட வேண்டும். வாய்ப்பேச்சாற் காட்ட இயலாது. ஒருநாள் அவர்களையும் பந்தியில் இருத்தி, பிள்ளைகளே பரிமாறி, எழுதிய கணக்குக் கொப்பியையும் இலையருகே வைக்கலாம்.

கிழமைக்கு ஒரு பாடவேளையும், மாதத்தில் ஒரு நாள் அடுப்பும் தொடங்குவதற்குப் போதும். நாலு பாத்திக்குமேல் முதலாண்டில் வேண்டியதில்லை. பெரிதாகத் தொடங்கிய தோட்டங்களே விரைவிற் புல் மூடியிருக்கின்றன. நவம்பர் இறுதியில் வகுப்பார் கடைசிக் கீரையைப் பறிக்கும்போது, ஐந்தாறு செடிகளைப் பூக்கவிட்டு விதைக்கென நிறுத்துவார்கள். நட்ட நாளும் பறித்த நாளும் எழுதிய கொப்பி அடுத்த வகுப்பின் அலுமாரிக்குப் போகும். டிசெம்பர் விடுமுறையில் யார் தோட்டத்தைப் பார்ப்பார் என்பது பழைய வழக்கு. வேலிக்கு அப்பாலுள்ள வீட்டாரிடம் படலையின் திறப்பைக் கொடுத்து, அந்த மாதத்தில் காய்க்கும் வெண்டிக்காயும் பயற்றங்காயும் அவர்களுக்கே என்று சொல்லிவிடலாம். மழை விட்ட நாட்களில் அவர்கள் நாற்றுக்கு நீர் வார்ப்பார்கள்; சனவரியில் படலை திறக்கும்போது கத்தரி பூத்து நிற்கும்.